இரண்டு சாஸர் சில்லு

3.3.2025, திங்கள்
முதலாளி தனபால் என் அறைக்கு ஏசி போட்டுவிட்டார். எனக்கில்லை, கம்ப்யூட்டருக்கு. பீங்கான் சூளைகளுக்குக் கதவு செய்கிற பட்டறை இது. கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று நாற்பது கதவு கேட்கிறது. வெல்டிங்கில் தகடு எவ்வளவு கோணும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்ட ரிப்போர்ட்டும் வேண்டுமாம். அதற்குத்தான் நான். சென்னை ஹாஸ்டலை விட்டு அம்மா சமையலுக்கு வந்தாகிவிட்டது. திரும்பிப் போகிற எண்ணமில்லை.

10.3
கணக்கு முடிந்தது. வெல்டிங் வைத்ததும் கதவின் நடு ஐந்து எம்.எம். உள்வாங்கும். ஆகவே பிரஸ்ஸிலேயே ஐந்து எம்.எம். வெளியே புடைத்திருக்கும்படி தகட்டை வளைக்கச் சொன்னேன். கழித்தால் பூஜ்யம். கலர் கலராகப் படம். நானே இரண்டு தடவை ரசித்தேன்.

14.3
மாதிரிக் கதவு ஐந்து எம்.எம். வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது. மூடவில்லை.
"கம்ப்யூட்டர் வர்ற வரைக்கும் நம்ம கதவு ஒழுங்காத்தான் மூடிச்சி," என்றார் முதலாளி. திட்டியிருந்தால் தேவலை. அடுத்ததும் கோணினால் ஏசியைக் கழற்றி வூட்டுக்கு எடுத்துப் போய்விடுவாராம். என்னை என்ன செய்வார் என்று சொல்லவில்லை. பயமாக இருக்கிறது.

15.3
தகடு சரியில்லை.

16.3
சாஃப்ட்வேர் சரியில்லை. மூன்றாவதாக, கணக்குப் போட்ட ஒருத்தி இருக்கிறாள். அவளைப் பற்றி எழுத விருப்பமில்லை.

18.3
இன்றுதான் வெல்டிங் நடக்கும்போது போய் நின்றேன். என் நாற்காலியிலிருந்து இருபது அடி. வெல்டர் பானுமதி அக்கா உடைந்த சாஸர் சில்லு இரண்டைத் தகட்டின் நடுவில் அடியில் சொருகி, ஓரங்களை கிளாம்ப் போட்டு இறுக்கினார்.
"இது எதுக்குக்கா?"
"உள்ள இழுக்கும்ல மேடம். அஞ்சு எம்.எம். முன்னாடியே தூக்கி வெச்சிட்டா சரியாயிடும். எப்பவும் வெக்கிறதுதான்."
"எங்கிட்ட சொல்லவே இல்லியே?"
"நீங்க கேக்கலியே. ரூம்பு கதவும் சாத்தியே இருக்குது, ஏசி போயிடும்னு."
நான் ஒரு ஐந்து, அவர் ஒரு ஐந்து. ச்சே — இவ்வளவு நாள் கணக்குப் போட்டவ, இருபது அடி நடக்கலையே?

22.3
தகட்டில் என் ஐந்தை எடுத்துவிட்டு, கணக்கில் சில்லுகளைச் சேர்த்தேன். பூஜ்யம். கதவும் மூடியது. ரிப்போர்ட்டில் 'பீங்கான் தாங்கி' என்று போட்டேன். உடைந்த சாஸர் என்று எழுதக் கை வரவில்லை.

4.4
ஆர்டர் வந்துவிட்டது. ஏசி இருக்கிறது, நானும் இருக்கிறேன். அறைக் கதவு திறந்தே கிடக்கிறது. கம்பெனி போட்ட ஒரே நிபந்தனை: நாற்பது கதவுக்கும் அதே பீங்கான் தாங்கி, ஒவ்வொன்றுக்கும் புது ஜோடி. முதலாளி ஒரு பெட்டி சாஸர் வாங்கி வந்தார். எல்லாம் முதல் தரம், ஒரு கீறல் இல்லை.
பானுமதி அக்கா ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். "போடுங்க மேடம். நீங்கதான இன்ஜினியரு."
போட்டேன். நாலு சில்லு. இரண்டு தேறும்.