இன்றைக்கான மரபுத்தொடர்

12.9.1978, செவ்வாய்

நாளுக்கொரு ஆங்கில மரபுத்தொடரை எங்கள் ஃபேக்டரி மேனேஜரிடம் பேசிக்காட்டுவது என் வழக்கம். இன்று கும்மிடிப்பூண்டி ரயிலில் மனப்பாடம் செய்தது ‘காம் பிஃபோர் தி ஸ்டார்ம்’, புயலுக்கு முந்தைய அமைதி. “ஷெட்டுல ஆளுங்க எப்படி இருக்காங்க?” என்று அவர் கேட்டதும் அதையே எடுத்துவிட்டேன். மெச்சுவார் என்று பார்த்தால், முகம் வெளுத்து, டெலிபோனை எடுத்தார். சும்மா சொன்னேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாயங்காலம் கேட்டில் போலீஸ் வேன் நின்றது. யூனியன் செயலாளர் முனுசாமி என்னை ஓரமாக இழுத்துப் போனான்.

“நாங்க இன்னா பண்ணோம்? சும்மாத்தான இருந்தோம்? எவனோ போட்டுக் குடுத்துட்டான். நாளைக்கு மிஷின் ஓடாது. நீ நம்ம ஆளு, அதான் உன்னாண்ட சொல்றேன்.”

அந்த ‘எவனோ’ நான்தான் என்று சொல்லாமல், தலையை ஆட்டிவிட்டு ரயிலுக்கு நடந்தேன். காலையில் மேனேஜர் முதலில் கேட்கப்போவது ஷெட்டைப் பற்றித்தான்.