தொட்டிக்குப் போகிற தண்ணீர்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூக்கம் கெடாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இதை அங்கே ஒருவர் பிரித்துப் படித்த பிறகுதான் உன் கைக்குத் தருவார்கள். படிக்கட்டும். ஒளிக்க ஒன்றும் இல்லை. பார்வை நேரத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, காதில் போனை வைத்துக்கொண்டு சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

தம்பி, உன் மீன் தொட்டி போய்விட்டது. சுற்றி வளைத்துச் சொன்னால் நடுவில் நிறுத்திவிடுவேனோ என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பவளங்கள் எல்லாம் செத்துவிட்டன. நீ சுருட்டைத்தலை என்று கூப்பிடுவாயே, அந்தப் பச்சைப் பவளமும்தான். கோமாளி மீன்கள் இரண்டும் பிழைத்துக்கொண்டன. இப்போது மீசையின் வளர்ப்பு மீன் கடையில் இருக்கின்றன. மனுஷர் மீசையை வழித்து எத்தனையோ வருஷம் ஆகிறது, தெருவுக்கு இன்னும் மீசைதான்.

நடந்தது இதுதான். பாலம் கட்டுகிறவர்கள் தோண்டும்போது நம் பக்கத்துக்கு வருகிற பெரிய குழாயை உடைத்துவிட்டார்கள். பக்கத்திலேயே சாக்கடைக் குழாய். அதையும் விட்டுவைக்கவில்லை. இரண்டும் கலந்துவிட்டன. குழாயைத் திறந்தால் முதலில் நாற்றம், பிறகுதான் தண்ணீர். அதுவும் காலையில் கொஞ்ச நேரம், நூல் கனத்துக்கு. ஆஸ்பத்திரிக்கு மட்டும் லாரியில் தண்ணீர் வந்தது. எங்கள் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை மட்டும் துவைத்தோம், திரைச்சீலைகளை மூட்டையாகக் கட்டி வைத்தோம். மேலதிகாரி வந்து பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்.

வீட்டில் உன் ஃபில்டர் இருந்தது. மேல்தொட்டியில் ஏறிய கொஞ்சத்தைத்தான் அது சுத்தம் செய்ய வேண்டும். அதிலும் பாதிக்கு மேல் கழிவாக வெளியே போய்விடும். கழிவை வாளியில் பிடித்துக் கக்கூஸுக்கு வைத்துக்கொண்டோம். நல்ல தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் சேர்ந்தது. நீ பொருத்தியபோது விளக்கிச் சொன்னது எனக்கு மறக்கவில்லை. சுத்தமாகி வருகிற குழாய் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று அம்மாவின் குடிதண்ணீர்க் குழாய்க்கு. இன்னொன்று, மிச்சம் மீதி உப்பையும் பிடித்துக்கொள்கிற ரெசின் மணிகள் போட்ட குடுவை வழியாக, தொட்டிக்கென்று வைத்த டிரம்முக்கு. குடிப்பதற்கு அத்தனை சுத்தம் வேண்டாம், பவளத்துக்குத்தான் வேண்டும் என்று நீ சொல்ல, "அப்போ நாங்க மீனுக்கும் கீழயா?" என்று அம்மா கேட்டாளே. அன்றைக்கு நீ அப்படிச் சிரித்தாய்.

முதலில் பக்கத்து வீட்டு அக்கா ஒரு குடத்தோடு வந்தார். பிறகு மாடி வீட்டுக்காரர். எதிர் வீட்டு வாத்தியார் பாட்டிலை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டு வந்தார், யாரோ பறித்துக்கொள்வார்கள் போல. நான் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். பகலில் குடிதண்ணீருக்கு, சாயங்காலம் தொட்டிக்கு. விளக்குச் சூட்டில் தொட்டித் தண்ணீர் தினமும் குறைகிறது, உப்பு மட்டும் அப்படியே நிற்கிறது, ஈடுகட்டவில்லை என்றால் பவளம் தாங்காது என்று நீ சொன்னபடி, கண்ணாடியில் நீ போட்ட கோட்டுக்குக் கீழே இறங்கவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் சாயங்காலம் வாசல் கேட்டுக்கு வெளியே ஒரு பெண் நின்றாள். உள்ளே வரவில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் கேன். அம்மாதான் முதலில் அடையாளம் கண்டுகொண்டாள். தையல் மிஷின் ரிப்பேர் செய்வாரே, அவருடைய மனைவி. நீதிமன்றத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள். நீ அந்தப் பக்கம் தலையைத் தூக்கவே இல்லை. உன் வண்டி அவர்மேல் ஏறிய அன்று அவள் வயிற்றில் இருந்த பிள்ளைக்கு இப்போது பல் முளைக்கிற வயது.

அவள் என்னைப் பார்க்காமல் கேட்டைப் பார்த்துப் பேசினாள். "குழந்தைக்குப் பால் கலக்கணும். வயித்தால போகுது. டாக்டர் இந்தத் தண்ணிய கண்ணுல காட்டாதீங்கன்னுட்டார். கடையில பாட்டில் தீர்ந்து போச்சு. வேற வழி இருந்தா இங்க வருவேனா?"

அம்மா போய்க் கேனை வாங்கிக்கொண்டாள். "எவ்வளவு வேணும்மா?" என்று மட்டும் கேட்டாள். கேன் நிறைகிற அளவுக்கு வீட்டில் இல்லை. டிரம்மில் இருந்தது பழைய தண்ணீரோடு கலந்தது, பிள்ளைக்குக் கொடுக்க மனம் வரவில்லை. இருந்ததை ஊற்றிக்கொடுத்து, கொதிக்க வைத்துக் கொடு என்று சொல்லி, காலையில் வரச் சொன்னாள். பிறகு சமையலறைக்கு வந்து ஃபில்டருக்கு முன்னால் நின்றாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வால்வில் நீ ஒட்டி வைத்த சீட்டு அப்படியே இருந்தது: "யாரும் கை வைக்காதீங்க. அம்மா, உங்களையும் சேர்த்துத்தான்." நான்தான் திருப்பினேன். தொட்டிப் பக்கம் மூடிவிட்டேன். அம்மா மேல் பழி வர வேண்டாம் என்று இதைத் தெளிவாக எழுதுகிறேன்.

டிரம்மில் மிச்சம் இருந்தது சீக்கிரம் தீர்ந்தது. மீசையிடம் ஓடினேன். தண்ணீர் இல்லாமல் அவர் கடையிலேயே பாதித் தொட்டிகள் காலி. "சார், மீன கொண்டாங்க, எங்கயாவது திணிச்சுக்கிறேன். பவளத்துக்கு என்கிட்ட எடமும் இல்ல, தண்ணியும் இல்ல. குழாய்த் தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க, அது இன்னும் கேவலமா சாகும்" என்றார். மீன்களை வாளியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். விளக்கை அணைத்து வைத்தால் தண்ணீர் ஆவியாகிப் போவது குறையும் என்றார். அணைத்தேன்.

தண்ணீர் நீ போட்ட கோட்டுக்குக் கீழே இறங்கியது. முதலில் சுருட்டைத்தலை உள்ளே இழுத்துக்கொண்டது, பிறகு விரியவே இல்லை. மற்றவை ஓரத்திலிருந்து வெளுத்தன. சலவையில் வெளுப்பது எனக்குப் பழக்கமான நிறம். ஆனால் இது அந்த வெள்ளை இல்லை. நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். அழுகை வரவில்லை. தீர்ப்பு சொன்ன அன்றும் வரவில்லை. உன் அக்கா போனில், "அப்பா, நீங்க நல்லாத்தான் இருக்கீங்களா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்று பதில் சொன்னேன்.

அந்தப் பெண் தினமும் வந்தாள். கேட்டுக்கு வெளியிலேயே நிற்பாள், அம்மா கொண்டுபோய்க் கொடுப்பாள். நன்றி என்று அவள் சொன்னதில்லை, நாங்களும் எதிர்பார்க்கவில்லை. ஒரு நாள் மழை. வாசற்படி வரை வந்துவிட்டாள். கதவு வழியாகத் தொட்டி தெரிந்தது. நாற்றமும் தெரிந்திருக்கும்.

"அது என்ன, இப்படி ஆயிருக்கு?" என்று கேட்டாள்.

"அவன் வளத்தது. தண்ணி பத்தல" என்றாள் அம்மா.

அவள் கையில் இருந்த கேனைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. கொடுக்கவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நல்லவேளை.

குழாய் சரியான பிறகு கேனைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வந்தாள். கேன் அவளுடையதுதான் என்று அம்மா நினைவுபடுத்தினாள். அவளுக்கே குழப்பம். எதற்கு வந்தாள் என்று அவளுக்கும் தெரிந்திருக்காது. பிள்ளைக்கு வயிறு சரியாகிவிட்டது என்றாள். போகத் திரும்பியவள் நின்று, "நீங்க அவனப் போய்ப் பாக்கறதுண்டா?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

"இவர் போறார். நான் போனதில்லம்மா. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறது?"

"நான் அவரப் பாக்கப் போறேன், வாராவாரம். அங்க மண்ணுதான் இருக்கு. நானே பேசிட்டு நானே வரணும்" என்றாள். பிறகு, "உங்களுக்குப் பதில் சொல்ல ஆள் இருக்கு" என்றாள். கோபமாகச் சொன்னாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே. அவள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததை நானாகச் சேர்த்து எழுத மாட்டேன்.

தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். போனில் நீ கேட்பதெல்லாம் அதைப் பற்றித்தான். விளக்கு எரிகிறதா, பம்ப் ஓடுகிறதா, பச்சை விரிந்திருக்கிறதா. இனி நாம் இருவரும் பேச வேறு ஏதாவது தேட வேண்டும். எனக்கும் அந்தப் பழக்கம் விட்டுப்போய்விட்டது. மெல்ல வரும்.

அந்தப் பெண் போன பிறகு அம்மா பாத்திரம் கழுவினாள். கழுவினதையே மறுபடி கழுவினாள். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டே, "அடுத்த தடவை நானும் வரேன். எந்தப் பஸ்?" என்று கேட்டாள்.

அதனால் இந்த முறை இரண்டு பேரும் வருகிறோம். ஒரு போன்தான் கொடுப்பார்கள், அதை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். அவளுக்குப் பேச்சு வராமல் போகலாம். உன்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போனாலும் போவாள். நீ போனைக் கீழே வைத்துவிடாதே, ராஜா. என்ன சாப்பிட்டாய், பக்கத்தில் யார் படுக்கிறார்கள், அங்கே ஜன்னல் எந்தப் பக்கம், எதையாவது சொல்லிக்கொண்டே இரு. அவள் காதில் உன் குரல் விழட்டும்.

நோய் நொடி இல்லாமல் இரு.

உன் அப்பா