பூட்டியிருந்த கிணற்றடி

இஞ்சாருங்கோ,

இன்று காலை எங்கள் கிணற்றடியில் வேறொருத்தி உடுப்புத் தோய்த்துக்கொண்டிருக்கிறாள். சவர்க்கார வாசம் குசினி யன்னல் வரைக்கும் வருகிறது. கல்லில் துணி அடிபடும் சத்தத்துக்கு நீங்கள் விறாந்தைக் கதிரையை விட்டு எழும்பி வந்திருப்பீர்கள். நீங்கள் போய் இரண்டு வருடமாகப் போகிறது. இனி எழும்பி வர ஏலாது என்ற துணிவில் கிணற்றடிப் படலையைத் திறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கோபத்தில்தான் திறந்தேன். அந்தக் கோபத்தை உங்களுக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுத?

பின்வளவில் நீங்கள் கட்டிய சின்ன வீட்டில்தான் இவள் வாடகைக்கு இருக்கிறாள். துறைமுகத்து வேலை முடிந்து வந்து, பின்னேரங்களில் மேசனோடு நின்று கட்டுவித்தீர்கள். படம் கீறியதும் நீங்களே. கதவைத் திறந்தால் கட்டிலில் முட்டும். குசினியில் இரண்டு பேர் நின்றால், ஒருவர் வெளியே வந்தால்தான் மற்றவர் திரும்பலாம். குளியலறையில் குனிந்தால் தலை சுவரில் இடிக்கும். உடுப்பு எங்கே தோய்க்கிறது என்று நான் கேட்டேன். "ரெண்டு பேருக்கு என்ன பெரிய உடுப்பு?" என்றீர்கள். ஒரு பெனியனைக்கூடத் தோய்த்தறியாத மனுசன் படம் கீறினால் தோய்க்கிற இடம் எங்கிருந்து வரும்? உங்கள் எண்ணெய் பிடித்த காற்சட்டைகளை வருடக்கணக்காக அந்தக் கல்லில் அடித்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

முதலில் வந்தவர்கள் வெருகல் பக்கத்துப் பிள்ளைகள். அவனுக்குச் சீனன்குடாவில் காவல் வேலை. அவள் கையில் நாலு மாதக் குழந்தை. அவர்கள் சாமான் இறக்கிய அடுத்த நாளே நீங்கள் கிணற்றடியைச் சுற்றித் தகரம் அடித்து, படலை வைத்து, பூட்டும் போட்டீர்கள். குடிக்கவும் குளிக்கவும் குழாய்த் தண்ணீர் கொடுத்தீர்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தோய்க்கிற கல்லும் கொடியும் பூட்டுக்கு உள்ளே போய்விட்டன.

உங்கள் பயம் எனக்குத் தெரியாததல்ல. இடம்பெயர்ந்த காலத்தில் உங்கள் தகப்பனின் வளவில் தண்ணீர் அள்ள வந்தவர்கள், பிறகு கிணற்றில் பங்கு இருக்கிறது என்று வழக்குப் போட்டார்கள். கோட்டுக்கு அலைந்தே அந்த மனுசன் கிழண்டுபோனார். "இண்டைக்குக் கல்லைக் குடுத்தா நாளைக்குப் பாத்தியம் எண்டு நிப்பினம்" என்று நீங்கள் சொல்வது அதனால்தான். சரி, ஆனால் நாலு மாதக் குழந்தையின் மூத்திரத் துணிக்கு என்ன பாத்தியம்? அன்றைக்குக் கேட்காததை இன்றைக்குக் கேட்கிறேன்.

ஒரு பின்னேரம் அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குசினி வாசலுக்கு வந்தாள். "அம்மா, பிள்ளையின்ர துண்டுகளை மட்டும் அந்தக் கல்லில தோய்ச்சிட்டுப் போகட்டே? அரை மணித்தியாலம் காணும்."

நான் வாய் திறக்க முதல் விறாந்தையிலிருந்து நீங்கள் சொன்னீர்கள்: "பிள்ளை, வாடகைக்குத் தந்தது வீடு. கிணறில்லை."

குரலை உயர்த்தவில்லை. நீங்கள் ஒருநாளும் உயர்த்தியதில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். நீங்கள் சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

பிறகு கிழமைக்கு ஒருநாள் அவன் உடுப்பு மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சல்லிக் கிராமத்தில் இருந்த சொந்தக்காரர் வீட்டுக்குப் போனான். மூட்டை ஈரத்தில் இரட்டைப் பாரமாகிவிடும், சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் திரும்புவான். மாரி தொடங்கியதும் அதுவும் நின்றது. அவள் வாளியில் அலசி, கட்டிலுக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போட்டாள். எங்கே காய்கிறது? ஈரத் துணிகளுக்குக் கீழே படுத்த குழந்தைக்குச் சளி கட்டி நெஞ்சு இழுத்தது. ஒன்பது நாள் ஆசுபத்திரியில் வைத்திருந்தார்கள். குழந்தை தப்பியது. திரும்பி வந்த கிழமையே வீட்டை விட்டார்கள்.

போகும்போது அவள் என் கையைப் பிடித்து, "கோவமில்லை அம்மா, ஐயான்ர கிணறுதானே" என்றாள். கோபித்திருக்கலாம். வாசலில் மண்ணை அள்ளித் தூற்றியிருக்கலாம். எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு நீங்கள் தனி ஆண்களுக்கே வீட்டைக் கொடுத்தீர்கள். சனிக்கிழமை ஆனால் அழுக்கு மூட்டையோடு ஊருக்கு பஸ் ஏறிவிடுவார்கள். "பாத்தியே, ஒரு கரைச்சலும் இல்லை" என்று எனக்குக் காட்டுவீர்கள். அவர்களுடைய தாய்மார் தோய்த்தார்கள், உங்களுக்கு என்ன கரைச்சல்!

போன மாதம் இந்தப் பிள்ளை புருசனோடு வீடு பார்க்க வந்தாள். ஆறு மாத வயிறு. உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றி வந்து அவள் கேட்ட முதல் கேள்வி, "அன்ரி, உடுப்புத் தோய்க்கிறது எங்க?" என்பதுதான். நீங்கள் எப்படியும் பதில் சொல்லியிருப்பீர்கள். நான் அவளைப் பூட்டியிருந்த கிணற்றடிக்குக் கூட்டிப்போனேன்.

கனடாவிலிருந்து மகள் போன் எடுத்து உங்கள் கதையையே கதைத்தாள். "அம்மா, நாளைக்குக் கிணத்தில பங்கு எண்டு வந்தா நான் இஞ்ச இருந்து என்ன செய்யிறது?"

"கேட்டா குடுப்பம். தண்ணி ஊறுதுதானே" என்று வைத்துவிட்டேன்.

வாடகை ஒப்பந்தம் எழுதிய நொத்தாரிசும் தயங்கினார். "வாயால சொல்லி விடுங்கோ அம்மா, எழுத்தில வேண்டாம்" என்றார். எழுத்தில்தான் வேண்டும் என்று நின்றேன். வாயால் சொன்னதை என் மகள் நாளைக்கு மறுப்பாள். வீட்டோடு கிணற்றடி, கல், கொடி என்று மூன்றையும் எழுதுவித்துத்தான் கையெழுத்து வைத்தேன். தகரத்தையும் கழற்றச் சொல்லிவிட்டேன்.

சற்று முன்பு அவள் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள், "ஐயா இருந்திருந்தா விட்டிருப்பாரே அன்ரி?"

"விட்டிருக்க மாட்டார்" என்றேன். உங்களுக்காகப் பொய் சொல்ல மனம் வரவில்லை.

அவள் சிரித்தாள். "நல்லகாலம், நீங்க இருந்தீங்கள்."

உள்ளே வந்து இதை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் காலை ஆறரைக்கு வேலைக்குப் போனால் பின்னேரம் ஐந்துக்குத்தான் வருவீர்கள். அந்த மாரி முழுக்க, ஒவ்வொரு பகலும், படலைச் சாவி என் குசினி ஆணியில்தான் தொங்கியது. அதை அவளிடம் சொல்லவில்லை. மகளுக்கும் தெரியாது. உங்களுக்கு மட்டும் தெரியும், திறந்தனியோ என்று நீங்களும் ஒருநாளும் கேட்கவில்லை.