மூடியில் இரண்டு துளை

செப்டம்பர் 10, செவ்வாய்

இன்றும் அதே நாற்பது நிமிடம். கிட்வேயில் கிளம்பினேன். எண்டோலாவுக்குப் பத்துக் கிலோமீட்டர் இருக்கும்போது கார் இருமியது, குலுங்கியது, நின்றது. சாலையோரம் உட்கார்ந்து வேதியியல் விடைத்தாள் ஐந்து திருத்தினேன். எஞ்சின் ஆறியதும் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பியது.

விவாகரத்தில் எனக்குக் கிடைத்தவை இரண்டு: மகள் லுபுட்டோ, இந்தக் கார். மகளிடம் ஒரு குறையும் இல்லை.

செப்டம்பர் 12, வியாழன்

லுபுட்டோவின் அப்பா போன் செய்தார். அக்டோபர் ஐந்தாம் தேதி எண்டோலாவில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற சாப்பாட்டுப் பானைகளைத் தன் பிக்கப்பில் ஏற்றிக்கொள்ளலாமாம். முட்டிந்தா ஓட்டுவாளாம். முட்டிந்தா அவருடைய இப்போதைய மனைவி. நல்லவள். அதுதான் கஷ்டம்.

"உன் டப்பா பாதி வழியில நின்னா கோழியெல்லாம் ரோட்டோரத்துல ஆறிடும். யோசிச்சுப் பாரு."

யோசித்தேன். கல்யாணத்துக்கு முன்னால் பெண் வீட்டுப் பெண்கள் சமைத்துக்கொண்டு போய், இனி நீ இதையெல்லாம் எங்கள் வீட்டில் சாப்பிடலாம் என்று மாப்பிள்ளைக்கு ஒவ்வொரு பானையாகத் திறந்து காட்டுவது ஒரே ஒருநாள்தான். பானைகளோடு முதலில் வந்து நிற்கும் வண்டியிலிருந்து யார் இறங்குகிறாளோ, அவளைத்தான் அங்கே எல்லாரும் பெண்ணைப் பெற்றவளாகப் பார்ப்பார்கள். இருபத்துநாலு வருஷம் வளர்த்தது நான். இறங்குவது முட்டிந்தாவா?

முடியாது. என் காரில்தான்.

செப்டம்பர் 14, சனி

மெக்கானிக் சின்கலா முதலில் பெட்ரோல் பம்ப் என்றார். போன மாதம் ஃபில்டர். இன்று, "பெட்ரோல்ல தண்ணி, டீச்சர்."

எஞ்சினுக்குப் பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றச் சொன்னேன்.

"அதுல கை வைக்காதீங்க. அது எஞ்சினோட மூளை."

"மூளைக்குத்தான் ஏதோ ஆயிருக்கு. கழட்டுங்க."

கழற்றினார். மூக்கில் குத்தியது ஒரு வாசனை. கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குப் பிறகு இன்றுதான் அதை முகர்கிறேன். ஓசோன்! உள்ளே பித்தளை முனைகளில் பச்சையாகப் பொடி பூத்திருந்தது. மே மாதம் சின்கலா மாட்டிய பலமான இக்னிஷன் காயில்தான் காரணம். பொறி பெரிதாகிவிட்டது. ஒவ்வொரு பொறிக்கும் கொஞ்சம் கெட்ட காற்று. மூடி இறுக்கம், அது போக வழியில்லை. ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிச் சுவரெல்லாம் படிகிறது. பிறகு பொறி போகவேண்டிய முனைக்குப் போகாமல் சுவரோடு ஊர்ந்து பக்கத்து முனைக்குப் போகிறது.

இருபது வருஷமாக ஓசோனைக் கரும்பலகையில் வரைகிறேன். அது என் காரிலேயே குடியிருப்பது தெரியவில்லை.

காற்றுத் துளை வைத்த மூடி ஜோகனஸ்பர்க்கில் கிடைக்குமாம். அந்த விலைக்கு எல்லாக் கோழியையும் வாங்கிவிடலாம்.

"துளைதானே? நாமே போடலாம்" என்றேன்.

"முப்பது வருஷமா ஓட்டை அடைக்கிறவன் டீச்சர் நான். போடறவன் இல்ல."

செப்டம்பர் 21, சனி

பள்ளித் தச்சுக்கூடத்திலிருந்து துளை போடும் கைத்துரப்பணம் வாங்கி வந்தேன். சின்கலாவின் குப்பையிலிருந்து பழைய மூடி ஒன்றை எடுத்துப் பழகினேன். விரிசல் விட்டது. "நல்லா வருது" என்றார் சின்கலா, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

பிறகு என் மூடி. அவசரப்படாமல், அழுத்தாமல். கீழே ஒரு துளை, எதிர்ப்பக்கம் மேலே ஒரு துளை. தூளைச் சுத்தமாகத் துடைத்தேன். மேல் துளையில் கிளினிக் நர்ஸ் கொடுத்த குளுக்கோஸ் ஏற்றும் குழாய். அதன் மறுமுனை ஏர் ஃபில்டர் பெட்டியில். எஞ்சினே கெட்ட காற்றை உறிஞ்சிக்கொள்ளும். கீழ்த் துளைக்குத் தேநீர் வடிகட்டியின் வலையை வெட்டி ஒட்டினேன். அது தரையைப் பார்த்து இருக்கிறது. மழை மேலிருந்துதான் வரும், ஆகவே தண்ணீர் போகாது. என் கணக்கு.

மாலைத் தேநீரில் தேயிலை மிதந்தது.

செப்டம்பர் 22, ஞாயிறு

லுபுட்டோவோடு எண்டோலா வரை. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.

"அம்மா, நீ ரோட்டைப் பாரு. கடிகாரத்தை நான் பாக்கறேன்."

நாற்பத்தொன்று! ஐம்பத்தைந்தாவது நிமிடம் ஊருக்குள் நுழைந்தோம். மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் படக்கூடாதே என்று இறங்காமலே திரும்பினோம். திருடர்களைப் போல வழியெல்லாம் சிரிப்பு.

செப்டம்பர் 30, திங்கள்

பிக்கப் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "சரி. சும்மா ஒரு துணைக்குப் பின்னாடி வரோம்" என்றார். சும்மா!

அக்டோபர் 4, வெள்ளி

என் கூடப்பிறந்த கட்டோங்கோ அக்கா சமையலுக்கு வந்துவிட்டாள். கீரை நறுக்கி விரலெல்லாம் பச்சை. கார் தயார். நான்?

அக்டோபர் 5, சனி

எல்லாம் முடிந்துவிட்டது. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை எட்டு மணி. பானைகள் ஏறியாகிவிட்டன. கடலை விழுதில் வெந்த கீரை, நாட்டுக்கோழி, எங்கள் விருந்துகளில் தவறாத வறுத்த புழு, எல்லாம். சாவியைத் திருப்பினேன். கர்ர் என்றது. மறுபடி. கர்ர்.

கார் பளபளவென்று இருந்தது. அப்போதுதான் உறைத்தது.

"அக்கா... காரைக் கழுவினியா?"

கட்டோங்கோ அக்காவுக்கு ஒரே பெருமை. "விடியறதுக்குள்ள கழுவற பசங்களை வீட்டுக்கே வரவெச்சுட்டேன்டி. எஞ்சினையும் கழுவச் சொன்னேன். பானை ஏத்தற வண்டி உள்ளும் புறமும் குளிக்க வேண்டாமா? பைப்பைக் கீழேயிருந்து அடிச்சு, ஒரு பொட்டு அழுக்கில்ல!"

கீழேயிருந்து.

ஐயோ, இதை எப்படி மறந்தேன்? எங்கள் ஊரில் எந்தக் கார் விசேஷத்துக்கு அழுக்கோடு போயிருக்கிறது?

வாசலில் பிக்கப் நின்றது, எஞ்சின் ஓடிக்கொண்டு. "நான் ஒண்ணும் சொல்லலையே" என்றார் லுபுட்டோவின் அப்பா.

மூடியைக் கழற்றினேன், தண்ணீர் சொட்டியது. புது இடுப்புத் துணியின் முனையால் துடைத்தேன். கோழி வெந்த கரி அடுப்பில் இன்னும் தணல் இருந்தது. அதற்கு மேல் ஒரு முழ உயரத்தில் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூட வரக் காத்திருந்த பெண்கள் ஒரு நிமிடம் பார்த்தார்கள், பிறகு பாட்டை விட்ட இடத்தில் தொடர்ந்தார்கள்.

"மாப்பிள்ளைக்கு இதையும் சமைச்சுக் காட்டப் போறியா?" என்றாள் அக்கா. தானே விசிறியை எடுத்துத் தணலை விசிறினாள். பாவம்.

இரண்டு துளையிலும் ஆவி வந்தது. தண்ணீர் நுழைந்த வழியிலேயே வெளியேறியது. கால் மணி நேரத்தில் மூடி காய்ந்துவிட்டது. மாட்டினேன். ஒரே திருப்பில் கிளம்பியது.

நாற்பதாவது நிமிடம் எப்போது போனது என்று தெரியாது. பின்னால் பாடிக்கொண்டு வந்தார்கள், நானும் பாடினேன். முதல் பானையோடு இறங்கினேன். மாப்பிள்ளையின் அத்தை முகர்ந்து பார்த்து, "கரி வாசனை நல்லா ஏறியிருக்கே" என்றாள். பானையில் இல்லை. என் துணியில்.

அக்டோபர் 6, ஞாயிறு

காலிப் பானைகள். வீட்டில் சத்தமே இல்லை.

அக்டோபர் 12, சனி

சின்கலா இந்த வாரம் மூன்று கார்களுக்குத் துளை போட்டிருக்கிறார். "நான்தான் அப்பவே சொன்னேனே, மூளைக்குக் காத்து வேணும்னு" என்று பட்டறையில் எல்லாரிடமும் சொல்கிறார். சொல்லட்டும்.

மத்தியானம் முட்டிந்தாவே போன் செய்தாள். அவளுடைய சின்னக் காரும் முக்கால் மணி நேரத்தில் நிற்கிறதாம். "அவர்கிட்ட சொன்னா வேற கார் வாங்கலாம்கிறார் அக்கா. எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு. எங்க துளை போடணும்னு சொல்றீங்களா?"

அக்காவாம்.

ஒரு தாளில் படம் வரைந்தேன். கீழ்த் துளை, மேல் துளை, குழாய், வலை. கீழேயிருந்து தண்ணீர் அடிக்கக் கூடாது என்பதை எழுதலாமா வேண்டாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

எழுதினேன். பெரிய எழுத்தில், அடிக்கோடு போட்டு.