பெயர் சொல்லாத தெரு

மார்ச் 4
இன்று காலை வாசலில் நின்று தீர யோசித்து, வழக்கமான வலப்பக்கத்தைக் கைவிட்டு இடப்பக்கம் திரும்புவது என முடிவெடுத்தேன். பேரரசுகள் இதைவிடக் குறைந்த யோசனையில் போருக்குப் போயிருக்கின்றன.

பலன் உண்டு. ஒரே நடையில் பல ஊர் பார்த்தேன். துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில் சண்டைகூட மூன்று மொழியில் நடக்கிறது. கெட்ட வார்த்தை மட்டும் பொது. பாலத்தைத் தாண்டினால் கண்ணாடிக் கட்டடங்கள். அங்கே யாரும் சண்டை போடுவதில்லை, நேரே வழக்குத்தான். இந்த நகரத்தின் மேல் எனக்கு இருப்பது காதல். இந்த வயதில் வேறு காதலுக்கு வீட்டில் அனுமதி இல்லை.

மார்ச் 9
பத்திரிகையில், நடந்து பார்த்ததைப் புனைபெயரில் எழுதும் என் வாரப் பத்திக்கு ஆபத்து. ஆசிரியர் கூப்பிட்டார். “சார், போன வாரம் பூங்கா, அதுக்கு முந்தின வாரமும் பூங்கா. இந்த வாரம் ஜீவனோட ஒண்ணு வரலைன்னா ராசிபலனைப் பெரிசாக்கிடுவேன்.”

ஜீவனோடு என்னிடம் மிச்சமிருப்பது ஒரே தெரு. அக்கா தையல் கடை வைத்திருக்கும் தெரு.

மார்ச் 10
அக்கா கடைக்குப் போனேன். எதிரே வயலின் ரிப்பேர்காரர் ஒரே தந்தியைத் திருகித் திருகி இழுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ரொட்டி அடுப்பு. மாடியில் யாரோ புரியாத மொழியில் தாலாட்டுப் பாட, கீழே கடிகாரக் கடைக்காரர் தூங்கிப்போயிருந்தார். இதை எழுதாமல் எப்படி இருப்பது?

விஷயத்தைச் சொன்னதும் அக்கா மெஷினை நிறுத்தினாள்.

“வெளிநாட்டுல இருக்கற கட்டடக்காரருக்கு இப்படி ஒரு தெரு இருக்கறதே மறந்துபோச்சு. அதனாலதான் நாங்க எல்லாரும் பழைய வாடகையில பொழைக்கறோம். நீ போய் ஞாபகப்படுத்தாதடா.”

“பேரே போடமாட்டேன், அக்கா.”

“எழுதவே எழுதாதே.”

தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மார்ச் 12
அனுப்பிவிட்டேன். தெருப் பெயர் இல்லை, கடைப் பெயர் இல்லை. வாக்குத் தவறாதவன்.

மார்ச் 16
வெளியாயிற்று. ஆசிரியருக்குப் பரம திருப்தி. நான் அக்காவின் போனுக்குக் காத்திருந்தேன்.

மார்ச் 18
அக்காவிடமிருந்து போன் இல்லை. திட்டியாவது தொலைக்கலாமே?

மார்ச் 23
போனேன். தெரு கொள்ளாத கூட்டம். கையில் பத்திரிகையோடு ஒருவர் மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தபடி வந்தார்.

கடிகாரக்காரர் என் கையைப் பிடித்தார். “தம்பி, எந்தப் படுபாவியோ பேப்பர்ல எழுதிட்டானாம். கையில கெடைச்சா அவன் பெண்டுலத்தைக் கழட்டிடுவேன்.” சிரித்து வைத்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. பத்திரிகையை விரித்து உரக்கப் படித்தாள்: ‘மேம்பாலம் இறங்கியதும் ஒற்றைத் தந்தி அழும் பக்கம் திரும்புங்கள். ரொட்டி வாசனை தொடங்கும் இடத்தில் கடிகாரங்கள் ஒன்றோடொன்று முரண்படும். அங்கே நில்லுங்கள்.’

“பேரை எழுதலையே அக்கா...”

“ஆமா. வழியை மட்டும்தான் எழுதியிருக்கே.”

நடக்கிறவன் புத்தி. எந்த இடத்தைச் சொன்னாலும், எப்படிப் போவது என்பதையும் சொல்லாமல் கை நிற்காது.

ஏப்ரல் 2
கட்டடக்காரரின் மகன் வந்து ஒவ்வொரு கடையாகப் படம் எடுத்தானாம். அக்காவிடம் ரொம்ப மரியாதை. “ஆன்ட்டி, இதை எழுதினவருக்கு அப்பா நன்றி சொல்லச் சொன்னார். யாருன்னு தெரியுமா?”

“தெரியாது” என்றாளாம். ஏன் அப்படிச் சொன்னா? என் தம்பிதான்னு கடிகாரக்காரர் காதுல விழற மாதிரி சொல்லியிருக்கலாம் இல்ல? கேக்கவும் தைரியம் வரல.

ஏப்ரல் 27
அக்காவின் மெஷின் இன்று மதியம் என் வீட்டுக் கூடத்துக்கு வந்தது. எழுதும் மேசையை ஜன்னலோரத்திலிருந்து நகர்த்தினேன். தைக்க அவளுக்கு வெளிச்சம் வேண்டும்.