ரோஜா நிற மெழுகுவர்த்தி

அன்புள்ள அக்காவுக்கு,

நீ வாழ்க்கைப்பட்டுப் போன நாட்டோடு எங்கள் நாட்டுக்குச் சண்டை மூண்ட பிறகு எழுதும் முதல் கடிதம் இது. கைக்கு வந்து சேருமோ என்னவோ.

இப்போது எங்கள் கோயில் பீடத்துக்குப் பக்கத்தில் தேசியக் கொடியும் நிற்கிறது. அதைப் பார்த்தால் எனக்கும் நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தச் சண்டை அலுத்துவிட்டது, அக்கா.

கிறிஸ்துமசுக்கு முந்தைய இந்தத் திருவருகைக் காலத்தில், ஞாயிறுக்கு ஒருவராகப் படைவீரர்களின் தாய்மார்தான் மெழுகுவர்த்தி ஏற்றி, பிள்ளையின் செல்லப் பெயரைச் சொல்லி மன்றாட வேண்டும் என்பது பங்குச்சாமியாரின் ஏற்பாடு. மூன்றாம் ஞாயிறு, ரோஜா நிற மெழுகுவர்த்தி, என் முறை. "ஒல்லிக்குச்சிக்காக" என்றேன். வாய் அதோடு நிற்கவில்லை. "குண்டனுக்காகவும்" என்றேன். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கோயில் மொத்தமும்.

பூசை முடிந்ததும் உபதேசியார் வந்தார். "உங்களுக்கு ஒரே பையன்தானேம்மா? குண்டன் யாரு?"

"எங்க அக்கா மகன். அவனும் பட்டாளத்துலதான் இருக்கான்."

"ஒரே குடும்பத்துல ரெண்டு பேரா! நாட்டுக்கே பெருமைம்மா."

எந்தப் பட்டாளம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

உன் கோயிலில் உன் முறை வந்தால் ஒல்லிக்குச்சியையும் சொல்லிவிடு. அங்கேயும் கேட்க மாட்டார்கள்.

உன் தங்கச்சி