மணிக்குள் வெட்டிய பெயர்

மால்டா துறைமுகம்,
3 மார்ச் 1884

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

தந்தி கிடைத்தது! மகள்! பிரபு வீட்டுப் பிள்ளை, லெப்டினன்ட் என்பதெல்லாம் மறந்து, கத்திக்கொண்டே தளம் முழுக்க ஓடினேன்.

நடுவில் ஒரு கூத்து. மே மாதம் ஊர் திரும்பியதும் கப்பல் மணியைக் கவிழ்த்து, நீர் நிரப்பி, அதில்தான் பிள்ளைக்கு ஞானஸ்நானம். பிறகு பெயரை மணிக்குள் வெட்டுவது கடற்படை வழக்கம். பீரங்கிக்காரர் டாகெட் முந்திக்கொண்டு, போன வாரமே 'பெரெக்ரின்' என்று வெட்டிவிட்டார்!

"ஆறு தலைமுறையா உங்க வீட்ல மூத்தது பையன், பேரு பெரெக்ரின். அந்த நம்பிக்கையில வெட்டிட்டேன் ஐயா" என்று தலையைச் சொறிந்தார்.

"அது என் பேரும்தானேய்யா! அப்பன் பேருக்குக் கீழ மக பேரு இருக்கட்டும். 'ரோசமண்ட்'னு வெட்டுங்க" என்றேன். மாலுமிகள் தொப்பியை வீசி ஆரவாரம் செய்தார்கள்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். குழந்தையின் பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்தும் அனுப்புங்கள். என் அறைச் சுவர் வெறுமையாக இருக்கிறது.

தபால் படகு கிளம்புகிறது. ஒன்றே ஒன்று, அம்மா: பிள்ளை பெற்ற களைப்பில் இருக்கும் என் இசபெல்லிடம் "அடுத்ததாவது பையனாக இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மணியில் இன்னொரு பெரெக்ரினுக்கு இடமில்லை.

உங்கள் மகன்,
பெரெக்ரின்